பனி நிலத்தில் ஒரு பூந்தோட்டம்

மலர் என்றவுடன் வெயிலையும் மழையையும் சேர்த்து நினைப்பது எம்மவர் இயல்பு. பங்குனி வெயிலில் வேம்பு பூக்கும். கோடையிலே கொன்றை பொன்னைச் சொரியும். கார்த்திகை மழை மண்ணை நனைத்ததும் வேலியோரத்தில் காந்தள் தலை நீட்டும். மார்கழியிலும் பனி உண்டு, பூசணியும் பூக்கும். ஆனால் அந்தப் பனி, சூரியன் ஒரு பனை உயரம் எழுவதற்குள் மறைந்துவிடுவது. கபிலர் தமது குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாக அடுக்கினார். நிலமே உறைந்து கல்லாகக் கிடக்கும்போது, மரங்களெல்லாம் இலையுதிர்த்து எலும்பாக நிற்கும்போது, தனியே எழுந்து பூக்கும் மலர் ஒன்று அந்த வரிசையில் இல்லை. இருப்பதற்கு நியாயமும் இல்லை. அத்தகைய மலரைக் காண்பதற்கு ஐரோப்பாவின் குளிர் நாடொன்றுக்கே செல்லுதல் வேண்டும்.

அம்மலருக்கு ஆங்கிலத்தில் ஸ்நோட்ரொப் என்று பெயர். இதனைப் 'பனித்துளி' என மொழிபெயர்ப்பது எளிது. ஆயினும், தமிழில் பனித்துளி என்றால் புல்நுனியில் நிற்கும் காலைப் பனியே எமது கண்முன் தோன்றும். வெண்பஞ்சுபோல் வானிலிருந்து விழுந்து வயலை மூடும் பனி தோன்றாது. ஆகவே அதனை அதன் சொந்தப் பெயராலேயே அழைப்போம். உருவத்தைச் சொல்லவேண்டுமாயின், எங்கள் பாட்டிமார் காதில் அணிந்த தொங்கட்டானை நினைத்துக்கொள்க. ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ள பச்சைத் தண்டு. அதன் நுனியில் மெல்லிய காம்பொன்று வளைந்து, தலைகுனிந்து தொங்கும் ஒரே ஒரு வெள்ளைப் பூ. அவ்வளவுதான். ரோசாவின் பகட்டும் இல்லை. தாமரையின் கம்பீரமும் இல்லை.

சென்ற பெப்ரவரி மாதத்தில் சில வாரம் இலண்டன் மாநகரில் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமது பள்ளித் தோழர் ஒருவரின் இல்லத்திலே தங்கினோம். நாமிருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அவருடைய சைக்கிளும் எமது சைக்கிளும் சன நெரிசலில் அடுத்தடுத்தே உருண்டன. மறு ஆண்டு அவர் கொழும்பு வழியாக இங்கிலாந்து சேர்ந்தார். நாம் ஊருக்குத் திரும்பினோம், படித்தோம், படிப்பிக்கிறோம். அவ்வளவு காலத்துக்குப் பின்னர் சந்தித்த நண்பர், அரண்மனையையும் அருங்காட்சியகத்தையும் காட்டி முடித்த பின் ஒருநாள், "நாளைக்கு உம்மை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லப்போகிறேன். ஒரு பூவைப் பார்க்கவேண்டும். ஏன் என்பதை அங்கே சொல்கிறேன்" என்றார். குளிர்காலத்தில் பூவா என்று நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

இலண்டனிலிருந்து மேற்கே செல்லும் பெருந்தெருவில் ஸ்விண்டன் நகர் வரை ஓடி, அங்கிருந்து வடக்கே திரும்பி, சைரன்செஸ்டர் என்னும் பழைய ஊரைக் கடந்தால் குளொஸ்டர்ஷயர் மாகாணத்தின் மேட்டுநிலம் வந்துவிடும். கொட்ஸ்வோல்ட் குன்றுகள் என்பன இவையே. வீடுகளும் மதில்களும் தேன்நிறச் சுண்ணக்கல்லாலானவை. சுண்ணக்கல்லைக் கண்டதும் எமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. எமது குடாநாடும் சுண்ணக்கல்லின் மேற் கிடப்பதுதானே! சேர்ண் என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கின் வழியே, செல்ட்டனம் நகரை நோக்கிச் செல்லும் தெருவோரத்தில் கோல்ஸ்போர்ண் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரின் பண்ணை மாளிகையும் தோட்டமுமே நாம் நாடிச் சென்ற இடம். ஆண்டு முழுவதும் தம் குடும்பத்தின் உறைவிடமாக இருக்கும் அத்தோட்டத்தை, உரிமையாளர் பெப்ரவரி மாதத்தின் வார இறுதிகளிலே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றனர்.

வண்டியை ஒரு புல்வெளியில் நிறுத்திவிட்டு இறங்கினோம். காற்று காதை அறுத்தது. வானம் ஈயத் தகடு போன்றிருந்தது. பாதையெங்கும் சேறு. ஆங்கிலேயர் முழங்கால் வரையான இறப்பர்ச் சப்பாத்துடன் வந்திருந்தனர். நாம் பாடசாலைக்கு அணியும் சப்பாத்துடன் நின்றோம். ஒரு சிறு தேவாலயம், அதனருகே மாளிகை, அப்பால் சரிவான காடு. அந்தக் காட்டின் அடியிலே பார்வை சென்றபோது, பனி கொட்டி இன்னும் கரையாமல் கிடக்கிறது என்றே முதலில் எண்ணினோம். காற்று வீசியது, அந்தப் பனி அசைந்தது. அப்போதுதான் அது பூ என்று உணர்ந்தோம்.

அக்காட்சியை எவ்வாறு சொல்வது? இலையில்லாத பெருமரங்களின் கருத்த அடிகளுக்கிடையே, சரிவு முழுவதும், பல்லாயிரம் வெள்ளைப் பூக்கள் தலைகுனிந்து நின்றன. இடையிடையே அக்கொனைட் என்னும் சிறு மஞ்சட் பூக்கள் சிந்திக் கிடந்தன. கீழே ஓர் ஏரி. அதன் நீர் வானத்தின் சாம்பல் நிறத்தை வாங்காமல் தனக்கென ஒரு நீலத்துடன் விளங்கியது. நீரிலே மிதந்துநிற்கும் மிக நுண்ணிய களிமண் துகள்களே அந்நிறத்துக்குக் காரணமாம். அங்கு வந்திருந்தோர் பெரும்பாலும் முதியோர். எவரும் உரக்கப் பேசவில்லை. சிலர் ஈரப்புல்லில் மண்டியிட்டு, குனிந்திருந்த பூவின் முகத்தை விரலால் மெல்ல நிமிர்த்தி, உருப்பெருக்குக் கண்ணாடியால் உள்ளே நோக்கினர். கோயில் மூலத்தானத்தின் முன் நிற்பவரிடம் காணும் அடக்கத்தை அவர்களிடமும் கண்டோம்.

நாமும் குனிந்து பார்த்தோம். வெளியே மூன்று நீண்ட இதழ்கள். உள்ளே மூன்று சிறிய இதழ்கள். உள்ளிதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பச்சைக் குறி. இந்தப் பச்சைக் குறியின் உருவமும் அளவும் ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிய உதவுவன. அத்தோட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. எமது கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. பழகிய கண்ணுக்கோ ஒவ்வொன்றும் வேறு முகம். நாற்பது பிள்ளைகள் ஒரே வெள்ளைச் சீருடையில் இருக்கும் வகுப்பை வெளியார் ஒருவர் எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? வகுப்பாசிரியருக்கல்லவா தெரியும்!

இச்சிறு செடி உறைபனியில் உயிர்வாழும் முறை வியக்கத்தக்கது. இலையின் நுனி சற்றே கடினமாக இருப்பதால் உறைந்த மண்ணையும் அது துளைத்து மேலெழுகின்றது. கடுங்குளிர் அடித்தால் இலையும் தண்டும் துவண்டு தரையில் வீழ்ந்துவிடும். செத்துவிட்டது என்றே காண்பவர் எண்ணுவர். குளிர் தணிந்ததும் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பம் வந்தால் வெளியிதழ்கள் சிறகுபோல் விரியும். அந்நேரத்தில் வெளியே வரும் தேனீக்களுக்கு வேறு பூ கிடைப்பது அரிது. விதையிலே எண்ணெய்ச் சத்துள்ள சிறு முனையொன்று உண்டு. அதற்கு ஆசைப்பட்டு எறும்புகள் விதையைத் தூக்கிச் சென்று பரப்பும். ஆயினும் இங்கிலாந்தில் இது பெருகுவது பெரும்பாலும் கிழங்கினாலேயே. எமது சின்ன வெங்காயம் போன்ற ஒரு கிழங்கு, மண்ணுக்கடியில் இரண்டாகி, நான்காகி, ஒரு கொத்தாகிவிடும். வைகாசி, ஆனிக்குள் இலையெல்லாம் வாடி மறைந்துவிடும். பின்னர் மாதக்கணக்காக நிலத்தின் மேல் ஒன்றுமில்லை. கிழங்கு மட்டும் கீழே உறங்கும்.

இத்தோட்டத்துக்குப் பெயர் தேடித் தந்தவர் ஹென்றி ஜோன் எல்வெஸ் என்பவர். 1846இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பறவையும் மரமும் மலரும் தேடி நாடு நாடாக அலைந்தவர். இமயமலைச் சாரலிலுள்ள சிக்கிம் வரை வந்தவர். பிரித்தானியாவின் மரங்களைப் பற்றி ஒகஸ்டின் ஹென்றி என்பவருடன் சேர்ந்து பெருநூல் எழுதியவர். 1874இல் துருக்கியின் ஸ்மேர்ணா நகருக்கண்மையில் உள்ள மலைகளிலே, பெரிய பூவுடைய ஸ்நோட்ரொப் இனம் ஒன்றை அவர் கண்டார். மறு ஆண்டு தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் அதற்கு எல்வெஸின் பெயரையே சூட்டினார். அவர் மறைந்த பின்னர் அவர் சேர்த்தவற்றுட் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. மரத்தடியில் எஞ்சியவை எவர் கவனிப்புமின்றித் தாமாகவே பெருகின. பல்லாண்டுகளின் பின் அவர் வழிவந்தோர் அவற்றை இனங்கண்டு, நெருங்கிய கொத்துகளைப் பிரித்துப் பிரித்து நட்டனர். கொத்து அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் பூப்பது குறைந்துவிடுமாம். இன்று சரிவை மூடி நிற்கும் வெண்மை அவ்வாறு உண்டானதே.

"இது இந்த நாட்டுப் பூ என்று எண்ணுகிறீரா?" என்று நண்பர் கேட்டார். வேறு எந்த நாட்டுப் பூவாக இருக்கமுடியும் என்றோம். தேவாலயத் தோட்டம்தோறும் பூப்பது. பெப்ரவரி 2ஆம் நாள் கொண்டாடப்பெறும் மெழுகுதிரித் திருநாளுடன் சேர்த்துப் பேசப்படுவது. வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று கிராமத்துப் பாட்டிமார் அஞ்சியது. இத்தனையும் ஒரு நாட்டின் மண்ணோடு பிறந்த பூவுக்கே உரியன அல்லவா? ஆனால் உண்மை வேறு. ஐரோப்பாக் கண்டத்தின் மலைக்காடுகளும், துருக்கியும், கோக்கசஸ் நாடுகளுமே ஸ்நோட்ரொப்பின் தாயகம். 1597இல் ஜோன் ஜெரார்ட் தமது மூலிகை நூலில் இதனைத் தோட்டச் செடியாகவே குறிப்பிட்டார். இங்கிலாந்தின் காட்டிலே தானாக வளர்வதாக முதன்முதல் எழுதப்பட்டது 1770களிலேதான். லின்னேயஸ் 1753இல் சூட்டிய இலத்தீன் பெயருக்குப் 'பனிக்குரிய பால்மலர்' என்று பொருள் கொள்ளலாம். அப்பெயரிலும் இங்கிலாந்து இல்லை.

"வந்தேறிப் பூ!" என்றார் நண்பர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

இப்பூவின்மீது ஆங்கிலேயர் சிலருக்குள்ள மோகத்தை ஒரு சொல்லிற் சொல்லி நகர்வோம். 2022இல் மஞ்சட் குறியுள்ள புதுவகைக் கிழங்கு ஒன்று, ஒரே ஒரு கிழங்கு, 1,850 பவுணுக்கு ஏலத்தில் விலைபோயிற்று. முன்னர் துருக்கியின் மலைகளிலிருந்து இலட்சக்கணக்கான கிழங்குகளைத் தோண்டி, உலர்த்தி, ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பினர். இப்போது அவ்வணிகத்தைச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று கட்டுப்படுத்துகின்றது. மோகத்தால் வந்த கேடு இதிலும் உண்டு.

ஏரிக்கரையில் இருந்த வாங்கொன்றில் அமர்ந்தோம். அங்கேதான் நண்பர் தாம் வந்த காரணத்தைச் சொன்னார்.

நண்பருடைய தந்தையாருக்கு வயது எண்பதுக்கு மேல். வலிகாமத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கைபண்ணிப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். மனைவியார் இறந்ததும், தனியே இருக்கவேண்டாமென்று ஆறு ஆண்டுகளுக்கு முன் மகன் அவரை இலண்டனுக்கு அழைத்தார். வந்த இரண்டாம் ஆண்டிலேயே அல்சைமர் என்னும் மறதி நோய் தலைகாட்டிற்று. நாம் அவ்வீட்டில் தங்கிய நாட்களில், முதியவர் விடியற்காலையில் எழுந்து, "இண்டைக்கு இறைப்பு இருக்கு, ஆக்கள் வந்திட்டினமோ?" என்று வினவுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். எம்மை யாரென்று அவர் அறியவில்லை. சிறுவயதில் அவருடைய கிணற்றடியில் குளித்துத் திரிந்த எம்மை, "தம்பி எந்தப் பகுதி?" என்று ஒவ்வொரு நாளும் புதிதாக விசாரித்தார்.

"ஐயாவுக்கு ஒவ்வொரு நாளும் நான் கொடுக்கும் மாத்திரை இந்தப் பூவிலிருந்து வந்தது," என்றார் நண்பர்.

அவர் சொன்னது மெய்யே. ஸ்நோட்ரொப்பிலும் அதன் உறவுச் செடிகளிலும் கலந்தமின் என்னும் பொருள் உண்டு. 1950களில் சோவியத் நாட்டிலும் பல்கேரியாவிலும் அறிஞர்கள் அதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். பல்கேரியாவிலே நிவாலின் என்ற பெயரில் அது மருந்தாயிற்று. இளம்பிள்ளைவாதத்தால் தளர்ந்தவர்களுக்கு அதனை முதலில் வழங்கினர். மூளையில் ஒரு நரம்புக் கலம் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப அசற்றைல்கோலின் என்னும் பொருள் வேண்டும். அதனை ஒரு நொதியம் உடனுக்குடன் சிதைத்துவிடும். கலந்தமின் அந்த நொதியத்தின் கையைப் பிடித்து நிறுத்துகின்றது. செய்தி சற்று நேரம் கூடுதலாக நிற்கின்றது. இதனை உணர்ந்தே பின்னர் மறதி நோய்க்கு அதனைப் பயன்படுத்தினர். 2001இல் அமெரிக்காவும் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று மாத்திரைக்கு வேண்டிய கலந்தமினை ஆய்வுக்கூடத்திலும் ஆக்குகின்றனர். டவடில் போன்ற பிற கிழங்குகளிலிருந்தும் எடுக்கின்றனர். இம்மருந்து நோயை மாற்றுவதில்லை. சிலருக்குச் சில காலம் அதன் அறிகுறிகளைத் தணிக்கின்றது; அவ்வளவே.

"போன வருடம் வரையில் என் பெயரைச் சொல்லுவார். இப்போது சொல்வதில்லை," என்றார் நண்பர். சற்று நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "ஊரிலே இருக்கும் சொந்தக்காரர் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஐயாவைக் கொண்டுவந்து விடு, சொந்த மண்ணை மிதித்தால் எல்லாம் திரும்பி வரும் என்கிறார்கள். அவரும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார். நீர் ஊரில் இருப்பவர். நீர் சொல்லும். கொண்டுபோகட்டா?" என்று கேட்டார்.

இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. பிறந்த மண்ணுக்குப் போகாதே என்று எவர் வாயால் எவருக்குச் சொல்வது? ஆயினும் கேட்டவர் நண்பர், முகமனுக்கு இடமில்லை. நாம் கண்டதைக் கண்டபடியே சொன்னோம். அவருடைய வீட்டின் கூரை விழுந்துவிட்டது. துலா நின்ற இடம் தெரியவில்லை. தோட்ட நிலத்திற் பாதி கைமாறி, அதில் மதில் எழுந்து வீடு வந்துவிட்டது. அக்கம் பக்கத்திலே அவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் இருவரோ மூவரோதான் எஞ்சியுள்ளனர். "ஐயா போகவேண்டும் என்று கேட்கும் வீடு இன்று ஊரில் இல்லை. அது 1970களில் இருக்கிறது. அங்கே போக விமானம் இல்லை," என்றோம். நண்பர் தலையை அசைத்தார். அவரும் அதனை அறிந்தே இருந்தார் போலும். அறிந்ததைப் பிறர் வாயாற் கேட்கவேண்டிய வேளையும் மனிதருக்கு உண்டு.

புறப்படும் வழியில் ஒரு மேசையின் மேல் சிறு சட்டிகளில் ஸ்நோட்ரொப் செடிகளை விற்பனைக்கு வைத்திருந்தனர். இலையும் பூவும் வேர்மண்ணுமாக அவை இருந்தன. கடையில் வெங்காயம்போல் உலர்ந்த கிழங்காக விற்பார்களே, அது மலிவாயிற்றே என்று நண்பர் கேட்டார். மேசையின் அருகே நின்ற மூதாட்டியார் பொறுமையுடன் விளக்கினார். இந்தக் கிழங்கு உலர்வதைத் தாங்காது. உலர்ந்த கிழங்குகளை நட்டாற் பல முளைப்பதேயில்லை. பூத்து முடியும் காலத்திலே, இலை பச்சையாக இருக்கும்போதே, வேரில் மண்ணோடு பெயர்த்து உடனே நடவேண்டும். அதனையே அந்நாட்டுத் தோட்டக்காரர் 'பச்சையிற் பெயர்த்தல்' என்ற பொருள்படக் கூறுவர். நட்ட பின் அடிக்கடி கிளறக் கூடாது. முதலாண்டு சோர்ந்து நிற்கும், பூக்காமலும் இருக்கலாம். பொறுத்திருக்கவேண்டும்.

நண்பர் மூன்று சட்டிகளை வாங்கினார். வண்டிக்குத் திரும்பும்போது, "என்னைப் பச்சையிலே பெயர்த்தார்கள், பதினேழு வயது. ஐயாவை நான் காய்ந்த கிழங்காகத்தான் கொண்டுவந்தேன்," என்றார். குரல் தளர்ந்திருந்தது.

நாம் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதரைக் கிழங்கோடு ஒப்பிடுவது பேச்சுக்கு அழகு; முழு உண்மையன்று. முதியவரைத் தனியே விட்டிருந்தால் மறதி வராதிருக்கும் என்று எந்த மருத்துவரும் சொல்லார். நோய் நோயே, மகனின் குற்றமன்று. ஆனால் அந்த மூதாட்டியார் சொன்னதில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டென்று எமக்குப் பட்டது. ஒருமுறை பெயர்த்து நட்டதை மீண்டும் கிளறுவதைக் காட்டிலும், அது நிற்கும் இடத்திலே அதற்குரிய மண்ணைச் சேர்ப்பதே தக்கது. "ஐயாவுக்கு மண்ணைக் கொடும்," என்றோம். "இவ்வளவு நாளும் மாத்திரை கொடுத்தீர், போர்வை கொடுத்தீர், தொலைக்காட்சி கொடுத்தீர். அறுபது வருடம் மண்ணில் வேலை செய்த கை அது. அந்தக் கைக்கு நீர் என்ன வேலை கொடுத்தீர்?" நண்பர் விடை சொல்லவில்லை. வீடு சேரும்வரை பெரும்பாலும் மௌனமாகவே வண்டியை ஓட்டினார்.

மறுநாட் காலை மழை இல்லை. நண்பரின் வீட்டின் பின்புறத்தில் ஓர் ஆப்பிள் மரமும் அதன் கீழே சிறு மண்திட்டும் உண்டு. முதியவரைக் கம்பளிச் சட்டையும் தொப்பியும் அணிவித்து ஒரு நாற்காலியில் இருத்தினோம். நண்பர் சிறு கைக்கரண்டியால் மண்ணைக் கிளறத் தொடங்கினார். முதியவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், எவரும் அழைக்காமலே எழுந்து வந்து குந்தினார். சட்டியைக் கவிழ்த்துக் கொத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கைப் பெருவிரலால் கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு வேர்கூட அறவில்லை. எம்மால் அவ்வாறு பிரித்திருக்க முடியாது. பிரித்தவற்றை வரிசையாக மண்ணில் வைத்துக்கொண்டு போனார்.

நண்பர் ஒரு கிழங்கை எடுத்து அருகே வைத்தார்.

"நெருக்கி நடாதை தம்பி. நாலு விரல் விட்டு வை. வேர் ஓட இடம் வேணும்," என்றார் முதியவர்.

'தம்பி' என்பது அவர் தம் மகனை இளமை முதல் அழைத்த சொல். தெருவிற் போகும் எந்த இளைஞனையும் அழைக்கும் சொல்லும் அதுவே. எம்மையும் அவ்வாறே அழைத்தார் என்று முன்னர் சொன்னோம். அன்று அவர் அழைத்தது மகனையா, ஊர்ப்பிள்ளை ஒருவனையா என்பது எமக்குத் தெரியாது. நண்பர் அதனைக் கேட்டறிய முயலவில்லை. "ஓம் ஐயா" என்று சொல்லி, நாலு விரல் விட்டு வைத்தார்.

நட்டு முடிந்ததும் முதியவர் கையைத் தட்டிவிட்டு, கிணற்றடிப் பாத்தி முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றார் நண்பர். அப்படியானால் இன்று போதும் என்று கூறி உள்ளே சென்று தேநீர் கேட்டார். அன்று முழுவதும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் சொன்னார். இதனை மறைப்பதற்கில்லை. ஒரு பூச்செடியால் நோய் மாறிவிட்டதென்று எழுதினால் அது கதையாகும். ஆயினும் அந்த ஒரு காலைப் பொழுதிலே அவர் நோயாளியாக இருக்கவில்லை, தோட்டக்காரராக இருந்தார். மகன் தாதியாக இருக்கவில்லை. தந்தையிடம் தொழில் பழகும் பிள்ளையாக இருந்தார்.

எமது பிள்ளைகளும் உறவினரும் இன்று உலகின் பல குளிர் நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். முதியோரையும் அங்கே அழைக்கின்றனர். அழைப்பது கடமை, சில வேளை வேறு வழியுமில்லை. அழைக்கும்போது விமானச் சீட்டையும் கம்பளிச் சட்டையையும் மட்டும் எண்ணினாற் போதாது. வேரோடு சேர்ந்த ஒரு பிடி மண்ணும் உடன் வரவேண்டும். அது கையின் தொழிலாக இருக்கலாம், பேச்சாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு வேலையாக இருக்கலாம். அவ்வாறு நட்டால், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு மண்ணில் வாழ்ந்து, அந்நாட்டாரே தம் பூவென்று கொண்டாடும் அந்த வந்தேறிப் பூவைப்போல, நாமும் எங்கே நிற்கிறோமோ அங்கே நிற்கலாம்.

நாம் ஊர் திரும்பிச் சில மாதங்களாகின்றன. சென்ற கிழமை நண்பர் தொலைபேசியில் பேசினார். ஸ்நோட்ரொப்பின் இலையெல்லாம் வாடி மறைந்துவிட்டதாம். மரத்தடியில் இப்போது வெறும் மண்தான். முதியவர் மட்டும் காலைதோறும் ஒரு செம்பு நீரை எடுத்துச் சென்று அங்கே ஊற்றுகிறாராம். வெறும் மண்ணுக்கு ஏன் நீர் என்று பேரப்பிள்ளைகள் முதலிற் கேட்டார்களாம். கீழே கிழங்கு இருக்கிறது என்று அவர் சொன்னாராம்.